கண்ணுக்குள் போடும் கண்ணாடி

(நமது சங்கத்தின் ஹைதராபாத் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "ஆன்மீகமாக ஏதாவது பேசுங்கோ" என்றுதான் சொன்னார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சயின்ஸ் படித்தவன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தவன். டாக்டர் இல்லை. ஆகவே நான் சொல்வதை வைத்து யாரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கான்டாக்ட் லென்ஸ் பற்றிப் பேச எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நமது கிளையின் ஜாதகப் பரிவர்த்தனை ரிஜிஸ்டரைக் கொஞ்ச நாளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற ஃபோட்டோக்களில் ஒரு பெண்கூடக் கண்ணாடி போட்டிருப்பதில்லை. இந்தக் குழந்தைகளில் பாதிப் பேரைச் சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரியும். எல்லாம் மூன்றாம் வகுப்பிலேயே சோடாபுட்டி மாட்டிக்கொண்டவர்கள்! விசாரித்தால், "லென்ஸ் போட்டிருக்கா மாமா" என்கிறார்கள். எங்கே வாங்கினாய் என்றால் கடையில், ஆன்லைனில் என்கிறார்கள். டாக்டர் பார்த்தாரா என்றால் பதில் இல்லை. "பிள்ளையாத்துக்காரா கண்ணாடி வேண்டாம்னு சொல்லிட்டா" என்று ஒரு தாயார் வருத்தத்தோடு சொன்னார். பிள்ளையும் கண்ணாடிதான் போட்டிருக்கிறான், அதை யாரும் கேட்பதில்லை.

கண்ணில் கருவட்டத்தின் மேல் கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அது பளிங்கு போலத் தெளிவாக இருந்தால்தான் வெளிச்சம் உள்ளே போகும். அதனால் பகவான் அதில் ரத்தக் குழாயே வைக்கவில்லை. ஆனால் உயிருள்ள திசுவுக்குப் பிராணவாயு வேண்டுமே? கார்னியா அதை நேராகக் காற்றிலிருந்து, கண்ணீரில் கரைந்த வழியாக எடுத்துக்கொள்கிறது. உடம்பில் இப்படி நேரடியாகக் காற்றைக் குடித்து வாழும் இடம் அபூர்வம்.

கண் திறந்திருக்கும்போது காற்றில் உள்ள 21 சதவீதப் பிராணவாயு அதற்குக் கிடைக்கிறது. தூங்கும்போது இமை மூடிவிடுகிறது. அப்போது இமையின் உட்புறத்து ரத்தக் குழாய்களிலிருந்து கிடைப்பதுதான் மிச்சம்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனாலேயே தினமும் காலையில் எழுந்திருக்கும்போது எல்லோருடைய கார்னியாவும் நாலு சதவீதம் போலக் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். கண்ணைத் திறந்து ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். மூடிய இமைக்கும் கார்னியாவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக்கையும் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பழைய மாதிரி சாஃப்ட் லென்ஸோடு தூங்கினால் வீக்கம் பத்து சதவீதத்தைத் தாண்டும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால், மூச்சு முட்டுகிற கார்னியாவுக்குள் ஓரத்திலிருந்து ரத்தக் குழாய்கள் மெல்ல நுழைய ஆரம்பிக்கும். இருக்கவே கூடாத இடத்தில் அவை வந்து குடியேறிவிடும்.

கண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதில் லைசோசைம் என்று ஒரு பொருள் இருக்கிறது, கிருமிகளைக் கரைத்துவிடும். இதை 1922-இல் உலகுக்குச் சொன்னவர் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங். பென்சிலின் வந்தது அதற்குப் பிறகுதான். நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமை கொட்டும்போதெல்லாம் இந்தக் கண்ணீர் கார்னியாவைக் கழுவி விடுகிறது. லென்ஸ் போட்டால் அதன் அடியில் கண்ணீர் தேங்குகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இமை கொட்டுவதே பாதிக்கும் கீழே குறைகிறது. ஏ.சி. வேறு. மாதாப்பூர் பக்கம் வேலைக்குப் போகும் குழந்தைகள் "மத்தியானத்துக்கு மேல் கண்ணில் மண் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்வது இதனால்தான்.

லென்ஸின் கதையும் சுவாரஸ்யமானது. ஜெர்மன் டாக்டர் அடால்ஃப் ஃபிக் 1888-இல் கண்ணாடியிலேயே லென்ஸ் செய்து போட்டுப் பார்த்தார். எங்கள் காலேஜ் நாட்களில் இருந்தது கெட்டி பிளாஸ்டிக் லென்ஸ். இப்போது எல்லோரும் போடும் மெத்தென்ற சாஃப்ட் லென்ஸைக் கண்டுபிடித்தவர் செக்கோஸ்லோவாகியாவின் கெமிஸ்ட் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயம், வீட்டுச் சமையலறையில், குழந்தைகள் விளையாடும் மெக்கானோ மாதிரியான ஒரு செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து மெஷின் கட்டி முதல் லென்ஸ்களைச் சுழற்றி எடுத்தார். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் பெருமைப்படலாம். 1971-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது.

பரவியதும் சிக்கலும் வந்தது. "ராத்திரியும் கழற்ற வேண்டாம், வாரக்கணக்கில் போட்டுக்கொள்ளலாம்" என்று விளம்பரம் செய்தார்கள். 1989-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் கணக்கெடுத்தார்கள். பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுபவர்களில் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 4 பேருக்குக் கார்னியாவில் கிருமிப் புண். ராத்திரியும் போட்டுத் தூங்குகிறவர்களில் சுமார் 21 பேருக்கு. ஐந்து மடங்கு. சரி, பிராணவாயு குறைவதால்தானே, அதை நிறைய விடுகிற பிளாஸ்டிக் செய்வோம் என்று சிலிக்கான் ஹைட்ரோஜெல் என்ற புது ரகம் 1999-இல் சந்தைக்கு வந்தது. எல்லோரும் நிம்மதியானார்கள். 2008-இல் ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்துப் பார்த்தால், பகலில் மட்டும் சாதாரண சாஃப்ட் லென்ஸ் போடுபவர்களில் பத்தாயிரத்துக்கு சுமார் 2. தூங்குபவர்களில் பழைய ரகமானாலும் புது ரகமானாலும் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள். பிராணவாயுவைக் கூட்டியும் தூக்கத்தின் ஆபத்து குறையவில்லை! பத்தாயிரத்தில் இருபது என்பது பெரிய எண்ணிக்கையா என்று கேட்பீர்கள். அந்த இருபதில் ஒருவர் நம் அகத்துப் பெண்ணாக இல்லாதவரை சின்ன எண்தான்.

இந்த விஷயத்தில் நமது ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு. பஞ்சாரா ஹில்ஸில் இருக்கிற எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். தமிழில் 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' எடுத்த அதே டைரக்டர் எல்.வி. பிரசாத் குடும்பத்தினர் நிலமும் பணமும் கொடுக்க, டாக்டர் குள்ளப்பள்ளி நாகேஸ்வர ராவ் 1987-இல் ஆரம்பித்தது. சி.சி.எம்.பி. இயக்குநராக இருந்த டாக்டர் டி. பாலசுப்ரமணியன் பிறகு அங்கேதான் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். 'ஹிந்து'வில் அவருடைய சயின்ஸ் பத்தியைப் படிக்காதவர்கள் இங்கே குறைவு.

லென்ஸோடு தூங்கினவர்களுக்குப் பின்னிரவில் திடீரென்று கண் சிவந்து, வலித்து, தண்ணீராகக் கொட்டி விழிப்பு வருகிறதே, அது ஏன் என்று 1990-களில் அங்கே ஆராய்ந்தார்கள். டாக்டர் பத்மஜா சங்கரிதுர்க் குழுவினர் 1996-இல் வெளியிட்ட கட்டுரைகளில், அந்த லென்ஸ்களின் மேல் சில வகை பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அழற்சிக்கு அவை காரணமாவதையும் காட்டினார்கள். புண்கூட இல்லாத நிலை அது. லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று என்று அர்த்தம்.

அடுத்து வருவதுதான் பயப்பட வேண்டியது: சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. குழாய்த் தண்ணீர், பாத்ரூம், ஈரமான லென்ஸ் டப்பா எல்லாம் அதன் வாசஸ்தலம். கார்னியாவில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று கிடைத்தால் போதும், ஓரிரண்டு நாளிலேயே படலத்தை உருக்கிவிடும்.

எங்கள் ஃப்ளாட்ஸில் ஒரு பெண். பெயர் வேண்டாம். சாஃப்ட்வேர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். களைப்பில் லென்ஸோடேயே தூங்குவது வழக்கமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை கண் சிவந்தது. பக்கத்து மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமியோடு போராடும் உடம்பின் கையைக் கட்டிப்போட்டுவிடும். ராத்திரி கொஞ்சம் தேவலை என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. அவள் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டார்ச் அடித்துப் பார்க்கவே தேவையில்லை, வாசலிலிருந்தே தெரிந்தது. உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புண்ணைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள், சூடோமோனாஸ். மணிக்கொரு தடவை, ராப்பகலாகச் சொட்டு மருந்து. அவள் அம்மா அலாரம் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண் பிழைத்தது. தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் போர்டில் கடைசி இரண்டு வரி இன்றைக்கும் படிக்க முடியாது. இருபத்தாறு வயசு.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் சுத்தம் என்றாலே தண்ணீர் என்று நினைப்பவர்கள். அகாந்தமீபா என்று ஒரு செல் பிராணி உண்டு. மண்ணிலும், குளத்திலும், மொட்டை மாடித் தொட்டியிலும், நீச்சல் குளத்திலும் வாழும். சமயம் சரியில்லை என்றால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். குளோரின் போட்டாலும் அசையாது. 1985-86-இல் அமெரிக்காவில் இது கண்ணில் புகுந்து பலரைப் பாதித்தபோது காரணத்தைத் தேடினார்கள். உப்பு மாத்திரையை வாங்கித் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கழுவும் நீர் தயாரித்துக்கொண்டவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சிக்கனம்! இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் சந்தேகம் விழுந்தது. நம் ஊரில் சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றி, வெயிலில் காய்ந்து, குழாய் வழியாக வருகிற தண்ணீரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினீர்கள்?

ஆனால் நமது தேசத்தில் இந்த அமீபா வேறு கதையும் சொல்கிறது. டாக்டர் சாவித்ரி சர்மா, டாக்டர் பிரசாந்த் கர்க், டாக்டர் ராவ் மூவரும் 2000-ஆம் வருஷம் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார்கள். மேல்நாட்டில் அகாந்தமீபா என்றாலே லென்ஸ்காரர்கள் வியாதி. இங்கே வந்தவர்களோ லென்ஸைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். கண்ணில் அடிபட்டவர்கள், அழுக்குத் தண்ணீர் பட்டவர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் எடுத்த கணக்கும் இதையேதான் சொல்கிறது. மதுரை மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கார்னியாவில் புண். அது அமெரிக்கக் கணக்கைப் போலப் பத்து மடங்கு. அங்கே சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணில் காயம் பட்டவர்கள். நெல் தாளும் வைக்கோலும் மாட்டு வாலும் பட்டுக் காசம் போலக் கண் வெளுத்துப் போன அந்த ஜனங்களுக்கு வேறு வழி இல்லை, வயிற்றுப் பிழைப்பு. நம் குழந்தைகள் அதே வியாதியை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பூஞ்சையும் வரும். 2005, 2006-இல் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை லென்ஸ் போடுபவர்களைத் தாக்கியது. சிங்கப்பூரில் மட்டும் 66 பேர். அங்கே நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பது தெரியும். அமெரிக்காவில் உறுதியானது 164 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கார்னியாவையே மாற்ற வேண்டி வந்தது. துப்பு துலக்கினதில் பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனியின் ரெனு மாய்ஸ்சர்லாக் என்ற ஒரு கழுவும் திரவத்தில் போய் நின்றது. 2006 மே மாதம் உலகம் முழுவதும் அதை வாபஸ் வாங்கினார்கள். விசேஷம் என்னவென்றால், தொழிற்சாலையிலும் சீல் உடைக்காத புட்டிகளிலும் பூஞ்சை கிடைக்கவே இல்லை. பூஞ்சை வந்தது வீட்டுச் சூழலிலிருந்துதான். அதைத் தடுக்க வேண்டிய திரவம் தடுக்கவில்லை. டப்பாவில் நேற்றைய திரவத்தைக் கொட்டாமல் அதன் மேலேயே இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டவர்கள் அதிகம் மாட்டினார்கள். அரைத்த மாவில் மிச்சம் வைத்துப் புளிக்கவிடுவது போலத்தான் இது. இட்லிக்கு நல்லது, கண்ணுக்கு ஆகாது. அடுத்த வருஷமே, 2007 மே மாதம், அகாந்தமீபா காரணமாக வேறொரு கம்பெனியின் திரவமும் திரும்பப் பெறப்பட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு லென்ஸே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாம். கெரடோகோனஸ் என்று கார்னியா கூம்பு போல முன்னே துருத்தும் வியாதி இருக்கிறது. அவர்களுக்கு மூக்குக் கண்ணாடி பிரயோஜனமில்லை, கெட்டி லென்ஸ் போட்டால்தான் உலகம் தெளியும். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசமானால் லென்ஸ்தான் சௌகரியம். பிறவிக் காடராக்டை எடுத்த சிசுக்களுக்குக்கூடப் போடுகிறார்கள். பார்வைக்குப் பவரே இல்லாமல் கண்ணை நீலமாகவும் பச்சையாகவும் காட்டும் அலங்கார லென்ஸ்தான் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் 2005-இல் சட்டம் போட்டு, பவர் இல்லாத லென்ஸும் மருத்துவ சாதனமே, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் பியூட்டி பார்லரில் ஒரே லென்ஸை நாலு பேருக்குப் போட்டுவிடுவதாகக் கேள்விப்படும்போது வயிற்றைக் கலக்குகிறது.

போடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தூங்குவதற்கு முன் கழற்றுங்கள். ரயிலில், பஸ்ஸில் ராத்திரிப் பயணமானாலும்தான். எண்ணெய் ஸ்நானத்துக்கு முன், ஷவருக்கு முன், புஷ்கரத்திலோ ராமேஸ்வரத்திலோ தீர்த்தமாடுவதற்கு முன் கழற்றுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். ஈரக் கையும் குழாய்த் தண்ணீர்தான். திரவத்தை விட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள். டப்பாவைத் தினமும் காலி செய்து, அதே திரவத்தால் அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புது டப்பா. கூடவே ஒரு நல்ல மூக்குக் கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். "பழைய பவர்தான் இருக்கு, அதைப் போட்டால் தெரியாது" என்பவர்கள்தான் கண் சிவந்த அன்றும் லென்ஸைக் கழற்ற மாட்டார்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பன்னீர், தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் ஒன்றும் வேண்டாம். மருந்துக் கடைச் சொட்டு நிச்சயம் வேண்டாம். லென்ஸையும் டப்பாவையும் திரவப் புட்டியையும் தூக்கி எறியாமல் கூடவே எடுத்துப் போங்கள். அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிப்பார்கள். அமீபாவாக இருந்தால் மாதக்கணக்கில் மருந்து. அதை லேபில் கண்டுபிடிக்கும் விதம் ரசமானது. தட்டில் பாக்டீரியாவைப் பூசி வைத்தால், அமீபா அதை மேய்ந்துகொண்டே போன தடம் தெரியும்.

பேச்சு முடிந்த பிறகு கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டை மட்டும் எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

ஒரு மாமி கேட்டார்: "என் பெண்ணுக்குத் தையில் கல்யாணம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லென்ஸ் போட்டுக்கலாமா?" ஒரு நாள் என்று சொல்கிறோமே தவிர, விடிகாலை நாலு மணிக்கு அலங்காரம், ஊஞ்சல், ஹோமப் புகை, சாயங்காலம் ரிசப்ஷன், ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோட்டோ என்று கணக்குப் போட்டால் பத்தொன்பது மணி நேரம். நடுவில் மையும் கண்ணீரும். இப்போதே டாக்டரிடம் போய் அளவெடுத்து, இரண்டு மாதம் பழகிக்கொள்ளட்டும். அன்றன்றைக்கு எறிந்துவிடும் ரகமாக வாங்குங்கள். முகூர்த்தத்துக்குக் கண்ணாடி, ரிசப்ஷனுக்கு லென்ஸ் என்றால் இன்னும் உத்தமம் என்றேன். "முகூர்த்தத்துக்குக் கண்ணாடியா?" என்று அவர் இழுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "நான் போட்டுக்கறேன் மாமா, அவருக்குத் தெரியும்" என்றாள்.

இன்னொருவர், ரிடையர்ட் பாங்க் ஆபீஸர், கேட்டார்: "அன்றன்றைக்கு எறிகிற லென்ஸை என் பேத்தி ராத்திரி கழுவி வைத்து ஒரு வாரம் போடுகிறாள். புத்தம் புதுசு மாதிரிதான் இருக்கிறது. தப்பா?" தப்புதான். அந்த ரகம் திரும்பக் கழுவிப் போடுவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு நாள் புது லென்ஸ் போடச் சொல்லுங்கள் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.